கிரீடத்தின் ஆறாவது உருண்டை

என் வீட்டுக் கண்ணாடி அலுமாரியில் ஒரு முட்டைக் கிண்ணம் இருக்கிறது. அவித்த முட்டையை நிமிர்த்தி வைத்து, தலையைச் சீவி, கரண்டியால் தோண்டிச் சாப்பிட ஆங்கிலேயர் வைத்திருக்கும் சின்னப் பீங்கான் கிண்ணம். அதற்குள் முட்டை இல்லை. பெரிய நெல்லிக்காய் அளவில் ஒரு வெள்ளி உருண்டை இருக்கிறது. ஒரு பக்கத்தில் மட்டும் முறுக்கிப் பிடுங்கிய தழும்பு. வீட்டுக்கு வருபவர்கள் ஏதோ சாமிப் பொருள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஒரு அன்ரி கண்ணில் ஒற்றிவிட்டுத் திரும்ப வைத்துவிட்டும் போயிருக்கிறார். இங்கிலாந்துப் பிரபு ஒருவரின் கிரீடத்திலிருந்து கழன்றது என்று சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை. நம்புகிற பாதிப் பேர் விற்றால் என்ன வரும் என்று கேட்கிறார்கள். அதனால் இப்போது நான் யாருக்கும் ஒன்றும் சொல்வதில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நாங்கள் கனடாவின் ஸ்காபரோவில், வோபர்ன் பக்கத்து மாடிக் கட்டடம் ஒன்றில் இருந்தோம். நான் தினமும் காலையில் இரண்டு பஸ் மாறி யூனியன்விலுக்குப் போய், தனியாக இருந்த ஒரு வயதான ஆங்கிலேயப் பெண்மணியைப் பார்த்துக்கொண்டேன். மருந்து கொடுப்பது, குளிப்பாட்டுவது, சூப் வைப்பது, சாப்பாட்டு மேசையைச் சுற்றி அவரை நடத்துவது, இவைதான் வேலை. எண்பது தாண்டியவர். இதயம் பலவீனம், நாக்கு பலம். இளவயதில் கனடாவுக்கு வந்து, பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்து, கலியாணம் கட்டாமல், யூனியன்வில் வெறும் கிராமமாக இருந்த காலத்தில் வாங்கிய பழைய வீட்டில் கிழடாகிப்போனவர். பிரபு ஒருவரின் மகள் என்று அவர் சொன்னதை நான் வீட்டில் போய்ச் சொல்லப்போக, என் கணவர் அன்றைக்கே அவருக்குச் சீமாட்டி என்று பெயர் வைத்துவிட்டார். பிறகு எனக்கும் அந்தப் பெயரே வாயில் ஒட்டிக்கொண்டது.

உருண்டை அப்போதும் இதே கிண்ணத்தில்தான் இருந்தது. சாப்பாட்டு மேசையின் நடுவில், உருண்டுவிடாதபடி. அதை யாரும் தொடக்கூடாது. தூசி துடைக்கும்போதுகூட கிண்ணத்தோடு தூக்கி, கிண்ணத்தோடு வைக்கவேண்டும். முதல் கிழமையிலேயே நான் உருண்டையை வெளியே எடுத்துத் துடைத்து, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அந்தக் கோபம் ஆறியதும்தான் பட்டத்தின் கதையைச் சொல்லத் தொடங்கினார். அதற்குப் பிறகு அந்தக் கதை முடியவேயில்லை.

பட்டத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினாலும் யாருக்கும் தெரியாது. பல நூறு வருடங்களுக்கு முன் ஒரு அரசன், தன் சபைக்கு வரும்படி முத்திரை வைத்த ஓலை ஒன்றை ஒரு போர்வீரனுக்கு அனுப்பினானாம். அந்த அழைப்புத்தான் பட்டத்தின் பிறப்பு. அதற்குப் பின் வந்தவர்களில் ஒருவர் தோற்கிற பக்கத்தில் நின்று தலையை இழந்தார். அவரோடு பட்டமும் பறிபோய், பேரன் காலத்தில் மன்னிப்புக் கேட்டுத் திரும்பி வந்தது. இன்னொருவர் நிலம் முழுவதையும் சூதாடித் தீர்த்தார். பட்டத்தைச் சூதில் வைக்க முடியாததால் அது மட்டும் தப்பியது. சீமாட்டி இதையெல்லாம் நேற்று பக்கத்து வீட்டில் நடந்த சண்டையைப் போலச் சொல்வார். தலை போனவர் மீது அவருக்கு இன்னும் கோபம் இருந்தது. அவன் ஒரு மடையன், யார் வெல்லுவான் என்று குதிரைக்காரனுக்கும் தெரிந்திருந்தது என்பார்.

ஆனால் அவருடைய வாழ்க்கையைத் தின்றது வேறொரு விதி. அந்தப் பழைய ஓலையில் ஆண்களுக்கு மட்டும் என்று எழுதாதபடியால், மகன் இல்லாவிட்டால் பட்டம் மகளுக்குப் போகலாம். ஒரு மகள் என்றால் சிக்கல் இல்லை. இரண்டு மகள்கள் என்றால் ஒருத்திக்கும் கிடையாது. ஆண்பிள்ளைகளில் மூத்தவன் உண்டு, அவனே எல்லாவற்றையும் எடுப்பான். பெண்பிள்ளைகளில் மூத்தவள் என்று சட்டத்துக்கு ஒருத்தி இல்லை, எல்லோரும் சமம். சமமானபடியால் பட்டம் யாரிடமும் போகாமல் அந்தரத்தில் தொங்கும், ஒருத்தியின் வம்சம் முற்றாக அற்றுப்போய் மற்றவளுடையது மட்டும் மிஞ்சும்வரை. முன்பொருமுறை அப்படி மூன்று சகோதரிகளுக்கு நடுவில் தொங்கி, பரம்பரை பரம்பரையாகத் தொங்கி, எல்லோரும் செத்து ஒருவர் மிஞ்சியபோது விழுந்ததாம். பெண்களுக்குச் சமத்துவம் கொடுப்பதற்கு இப்படியும் ஒரு வழி இருப்பதை நான் அன்றைக்குத்தான் அறிந்தேன்.

சீமாட்டிக்கு ஒரு தமையன் இருந்தார். போரில் செத்தார், கலியாணம் ஆகாமல். தகப்பனும் போனபின் மிஞ்சியது அக்காவும் தங்கையும். தங்கை சம்மதித்துக் கையெழுத்து வைத்தால், அக்காவுக்கே பட்டத்தைத் தரும்படி அரசனிடம் கேட்கலாம். அக்கா அதைக் கேட்டார், ஆனால் நேரில் வந்து கேட்கவில்லை. வக்கீலை அனுப்பிக் கேட்டார். ஒரே ஊரில் இருந்துகொண்டு, ஒரே தாயின் வயிற்றில் பிறந்துவிட்டு, வக்கீலை. சீமாட்டி மாட்டேன் என்றுவிட்டுக் கப்பலேறினார். அதற்குப் பின் இருவருக்கும் பேச்சு இல்லை. அக்கா கலியாணம் கட்டினார், பிள்ளையில்லை, இவர் கட்டவேயில்லை. ஆக, இரண்டு கிழவிகளில் யார் மற்றவரைப் பார்க்கிலும் ஒரு நாளாவது கூட இருக்கிறாரோ, அந்த ஒரு நாளுக்குப் பட்டம் அவருக்கு. அத்தோடு சரி.

அதற்காகத்தான் அவர் உயிர் வாழ்ந்தார். நான் மிகைப்படுத்தவில்லை. கஞ்சி பிடிக்காது, குடிப்பார். மூச்சு வாங்கும், மேசையைச் சுற்றி நடப்பார். மருந்தை வாயில் போட்டுத் தண்ணீரைக் குடித்துவிட்டு, அவள் இன்றைக்கு எழும்பியிருப்பாளோ தெரியாது என்பார். இங்கிலாந்தில் அந்தப் பழைய வக்கீல் இன்னும் உயிரோடு இருந்தார். ஏதும் நடந்தால் அவர் தொலைபேசியில் சொல்வதாக ஏற்பாடு. தொலைபேசி சாப்பாட்டு அறை மூலையில் இருந்தது. சீமாட்டியின் நாற்காலி அதற்குப் பக்கத்தில். என் கணவர் பின்னேரம் நான் வீட்டுக்குள் கால் வைத்ததும் கேட்பார்: “என்ன, உம்மட சீமாட்டியின்ர அக்கா இன்னும் இருக்கிறாவாமோ?” நானும் சிரிப்பேன். முதல் வருடம் அது சிரிப்பாகத்தான் இருந்தது.

எனக்கும் ஒரு அக்கா இருந்தார். எங்களுடையது யாழ்ப்பாணத்துக் குடும்பம். எங்களில் வீடு மகளுக்குத்தான் போகும், சீதனமாக. எங்களிடம் இருந்தது ஒரே வீடு. மூத்தவளான அக்காவுக்குப் போகவேண்டியது. அக்காவுக்குக் கலியாணம் தள்ளித் தள்ளிப் போனது. எனக்கு ஒன்று பொருந்தி வந்தபோது, தன் உரிமையை ஒரு சொல் சொல்லாமல் எனக்கு எழுதித் தந்துவிட்டு அதே வீட்டில் காவலாக இருந்தார். இதைச் சீமாட்டிக்குச் சொன்னேன். வீடு பெண்களுக்கா, என்ன புத்தியுள்ள நாடு என்று முதலில் வியந்தார். மூத்தவள் கேட்காமலே கொடுத்தாளா என்று பிறகு கேட்டார். ஓம் என்றேன். முட்டைக் கிண்ணத்தைத் தன் பக்கமாக இழுத்து வைத்துக்கொண்டார்.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் ராணுவம் நெருங்கிவர, யாழ்ப்பாணத்துச் சனம் முழுவதும் வீடுவாசலை விட்டு வெளிக்கிட்டது. மழையில், ஒரே ரோட்டில், எல்லோரும். கொஞ்ச நாளுக்கு முன்தான் அக்கா கொழும்புக்கு ஒரு அலுவலாக வந்து என்னோடு தொலைபேசியில் பேசியிருந்தார். திரும்பிப் போகாதையுங்கோ என்று நான் மன்றாடினேன். “அது உன்ர வீடு. ஆளில்லாட்டி ஆராவது வந்து குந்திடுவாங்கள். நான் போய் இருக்கிறன்” என்றார். போய்விட்டார். பிறகு ஒரு செய்தியும் இல்லை. தென்மராட்சிப் பக்கம் கண்டதாக ஒருவர் சொன்னார். வன்னிக்குப் படகேறியதாக இன்னொருவர். வீட்டை விட்டு அசையவேயில்லை என்று மூன்றாமவர். ஸ்காபரோவில் எந்தப் பலசரக்குக் கடைக்குப் போனாலும் சனம் சாமான் வாங்காமல் செய்தி கேட்டுக்கொண்டு நின்றது. நான் கோயிலில் நேர்த்தி வைத்தேன், வெள்ளிக்கிழமை விரதம் பிடித்தேன், பஸ்ஸில் அழுதேன். கொழும்பில் இருந்த பெரியம்மாவின் மகன், நான் அண்ணை என்று கூப்பிடுபவர், ஏதும் அறிந்தால் தொலைபேசி எடுப்பதாகச் சொன்னார். நான் பகலில் வீட்டில் இருப்பதில்லை என்பதால், சீமாட்டியிடம் கேட்டு அவருடைய நம்பரையும் கொடுத்து வைத்தேன்.

ஆக எங்கள் இருவருக்கும் அதே ஒரு தொலைபேசி. அவர் ஒரு அக்கா சாகவேண்டும் என்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் ஒரு அக்கா உயிரோடு இருக்கவேண்டும் என்று. மணி அடித்தால் இருவரும் ஒன்றாகத் துள்ளித் திரும்புவோம். அந்த மாதங்களில் எனக்கு அவர் மேல் வெறுப்பு வந்தது, அதை மறைக்க நான் விரும்பவில்லை. இருக்கிற அக்காவை வேண்டாம் என்கிற பெண்ணுக்குத் தலை சீவிவிடவேண்டியிருக்கிறதே என்று சீப்பைப் பிடித்தபடி நினைப்பேன். ஆனால் இரண்டு மைல் நடந்துபோய் வாங்கக்கூடப் பெறுமதியில்லாத ஒரு முடிக்காக மேசையைச் சுற்றி மூச்சு வாங்கும் அந்த உடம்பைப் பார்க்க, பாவமாகவும் இருக்கும்.

மாசிமாதம், வெளியே பனி குவிந்து கிடந்த ஒரு நாள், மதியத்துக்குச் சற்று முன் மணி அடித்தது. சீமாட்டி கட்டிலில் இருந்தார். நான்தான் எடுத்தேன். இங்கிலாந்து வக்கீல். அக்கா அன்று காலை இறந்துவிட்டதாகச் சொன்னார். பிறகு என்னிடம் சீமாட்டியைக் கேட்டார், அவருடைய பெயரால் கேட்கவில்லை, பட்டத்தால் கேட்டார். பல வருடம் தொங்கிக் கிடந்த பட்டம் எங்களுக்குத் தெரியாமலே அந்தக் காலையில் விழுந்துவிட்டிருந்தது. அவர் படுத்திருக்கிறார், நான் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

எங்கள் ஊரில் சாவைப் போட்டு உடைக்கமாட்டார்கள். முதலில் சாப்பிட்டாயிற்றா என்று கேட்பார்கள். சாப்பிட்டபின், நோய் கொஞ்சம் கடுமையாம் என்பார்கள். பிறகுதான் மெல்ல மெல்ல வரும். செய்தி காதில் விழுந்துவிட்டால் அடுப்பு மூட்ட இயலாது, தலை முழுகவேண்டும், அதற்குமேல் யாருக்குப் பசிக்கும்? வயிறு நிறையும்வரை செத்தவர் சாகக்கூடாது, அவ்வளவுதான். இது சந்தோஷச் செய்தியாகத்தானே இருக்கப்போகிறது என்று நான் யோசித்திருக்கவேண்டும். யோசிக்கவில்லை. என் கை பழக்கத்தில் சூப்பைச் சூடாக்கியது. அவரைக் கூட்டிவந்து இருத்தி, கரண்டியைக் கையில் கொடுத்து, வக்கீல் எடுத்தார், உங்கள் அக்காவுக்குக் கொஞ்சம் சுகமில்லையாம் என்றேன்.

கரண்டி பாதிவழியில் நின்றது. எவ்வளவு சுகமில்லை என்று கேட்டார். தெரியாது, முதலில் சூப்பைக் குடியுங்கள் என்றேன். அவர் குடித்தார். மேசைவிரிப்பில் சிந்தியது. அவசரம் அவசரமாக, தண்டனை முடிந்தால் வெளியே விடுவார்கள் என்பதுபோல, கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“வக்கீலைக் கூப்பிடு. நான் கையெழுத்து வைக்கிறேன் என்று சொல். இப்போதே சொல். சாகும்முன் அது அவளுக்குக் கிடைக்கட்டும். அவள்தான் மூத்தவள்.”

அவர் முட்டைக் கிண்ணத்திலிருந்து உருண்டையை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, நான் கேட்காமலே சொன்னார். சின்ன வயதில் ஒரு பண்டிகை நாளில் தகப்பன் தன் கிரீடத்தை எடுத்துவந்து வேடிக்கையாக மகனின் தலையில் வைத்தாராம். ஆறு வெள்ளி உருண்டைகள் வைத்த கிரீடம். எனக்கும் வை என்று தங்கை போனபோது, உனக்கில்லை என்று பெட்டியில் பூட்டிவிட்டார். தங்கை அழுதாள். சாயங்காலம் அக்கா எப்படியோ பெட்டியைத் திறந்து, ஒரு உருண்டையை முறுக்கிப் பிடுங்கிக்கொண்டுவந்து, இனி அழாதே என்று கையில் பொத்தி வைத்தாள். அதற்கு அவளுக்குப் பிரம்படி விழுந்தது. உருண்டை எங்கே என்று எத்தனை முறை கேட்டும் சொல்லவில்லை. கடைசிவரை சொல்லவில்லை என்றார் சீமாட்டி. இத்தனை காலமும் கோபத்துக்காக வைத்திருக்கிறார் என்று நான் நினைத்திருந்த உருண்டை அது.

இனித் தள்ளிப்போட முடியாது. சொன்னேன். அவர் என் மணிக்கட்டை விடவில்லை. உனக்கு எப்போது தெரியும் என்றார். சூப்புக்கு முன் என்றேன். காலிக் கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு, வீட்டுக்குப் போ என்றார். அழவில்லை, கத்தவில்லை. அவர் இப்போது பிரபு. அந்த வீட்டில் அதைத் தெரிந்த ஒரே ஆள் நான், என்னைத்தான் போகச் சொல்கிறார். நான் அடுப்படியில் போய் நின்று அழுதேன். அவருக்காகவா அக்காவுக்காகவா என்று எனக்கே தெரியவில்லை.

பல நாள் பேசாமல் மருந்தை மட்டும் வாங்கிக் குடித்தார். ஒருநாள் தலை சீவும்போது, ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டார். எங்கள் வழக்கத்தை விளக்கினேன். அது பொய் என்றார். பொய்தான் என்றேன். அத்தோடு விட்டுவிட்டார். பங்குனியில் இங்கிலாந்திலிருந்து ஒரு பெட்டி வந்தது. உள்ளே கிரீடம், கறுத்துப்போய், ஐந்து உருண்டைகளோடு. ஆறாவது இருந்த இடத்தில் முறிந்த காம்பு. பொருத்திப் பார்ப்பார் என்று நினைத்தேன். மூடி அலுமாரிக்குள் வைக்கச் சொன்னார். ஒரேயொரு தடவை தன்னைப் பட்டம் சொல்லிக் கூப்பிடும்படி கேட்டார். கூப்பிட்டேன். வேண்டாம், என்னைச் சின்னப் பெயரால் கூப்பிட இருந்தவள் போய்விட்டாள், இது வேறு யாரோ என்றார். மேசையைச் சுற்றி நடப்பதையும் நிறுத்திவிட்டார். நான் கெஞ்சினாலும் எழும்பமாட்டார். இனி யாரை முந்த என்று கேட்பார்.

என் தொலைபேசிக் காத்திருப்பு மட்டும் தொடர்ந்தது. மணி அடித்தால் இப்போது நான் மட்டும்தான் துள்ளி எழுவேன். அவர் என் முகத்தைப் பார்ப்பார். வேறு யாரோ என்று நான் தலையசைத்ததும் கண்ணை மூடிக்கொள்வார்.

கோடை தொடங்கிய ஒரு காலை, மருந்துக் கடைக்குப் போய்த் திரும்பி வந்தேன். வீட்டுக்குள் கருகல் மணம். அடுப்பில் ஒரு சட்டி, தண்ணீர் வற்றி அடிப்பிடித்துக் கிடந்தது. அந்த அம்மாள் வாழ்நாளில் தனக்கு ஒரு கோப்பைத் தேநீர் போட்டுக்கொண்டதை நான் கண்டதில்லை. ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிட்டுச் சாப்பாட்டு அறையை எட்டிப் பார்த்தேன். சீமாட்டி மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். மேசைவிரிப்பில், வெறுமையாக, வெள்ளி உருண்டை கிடந்தது. முட்டைக் கிண்ணத்துக்குள் முட்டை இருந்தது.

“இரு. முதலில் சாப்பிடு” என்றார்.

எனக்கு விளங்கிவிட்டது. கொழும்பு அண்ணைக்குத் தமிழில் ஆயிரம் சுற்றுவழி தெரியும், ஆங்கிலத்தில் ஒரே ஒரு நேர்வழிதான். அதை அவர் இந்தக் கிழவிக்குச் சொல்லியிருக்கிறார். இவர் அதைத் தன் வாய்க்குள் வைத்துக்கொண்டு, தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டி, முட்டை அவித்து, எனக்காக நின்றுகொண்டிருக்கிறார். கேட்டால் சொல்லிவிடுவார். நான் கேட்கவில்லை. கைப்பையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியை இழுத்து இருந்தேன்.

உங்கள் அக்காவுக்குக் கொஞ்சம் சுகமில்லையாம் என்றார் அவர், நான் முன்பு சொன்ன அதே சொற்களில்.

முட்டை கல்லாக அவிந்திருந்தது. உப்பில்லை. நான் கரண்டி நுனியால் கிள்ளிக் கிள்ளி எடுத்தேன். முட்டை முடியும்வரை என் அக்கா உயிரோடு இருந்தார். பிறகு நான் அறிந்தபடி, கிளிநொச்சிப் பக்கம் ஏதோ பள்ளிக்கூடத்துத் தரையில், காய்ச்சலோடு, கொஞ்சம் கடுமையாக, ஆனால் உயிரோடு. ஒரு முட்டையை எவ்வளவு மெதுவாகச் சாப்பிட முடியுமோ அவ்வளவு மெதுவாகச் சாப்பிட்டேன். சீமாட்டி நாற்காலியில் இருந்து என்னைப் பார்த்துக்கொண்டேயிருந்தார், அவசரப்படுத்தவில்லை. கரண்டி கிண்ணத்தின் அடியில் தட்டியபோது கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த பனி வருமுன் அவரும் போய்விட்டார். பட்டம் அவரோடு முடிந்தது. கிரீடம் எங்கே போனதென்று தெரியாது. உருண்டையையும் கிண்ணத்தையும் எனக்குத் தரச் சொல்லி வக்கீலிடம் முன்பே சொல்லி வைத்திருந்தார். யாழ்ப்பாணத்து வீட்டில், அக்கா பயந்தபடியே, பிறகு யார் யாரோ இருந்தார்கள். இப்போது சுவர் மட்டும் நிற்கிறதாம். இந்தக் காலத்தில் சாவு படத்தோடு கைத்தொலைபேசிக்கு வந்துவிடுகிறது, பஸ்ஸில் நிற்கும்போது, அரை வாய்ச் சோற்றோடு இருக்கும்போது. போன கிழமையும் அப்படி ஒன்று வந்தது, எங்கள் சொந்தத்தில் ஒருவர். பார்த்துவிட்டு, கொழும்பு அண்ணையின் மகளுக்கு எடுத்தேன். “சாப்பிட்டிட்டியோ பிள்ளை?” என்று கேட்டேன். இன்னும் இல்லை, ஏன் அன்ரி என்றாள். சாப்பிட்டுவிட்டு எடு என்று வைத்துவிட்டு, அவள் திரும்ப எடுக்கும்வரை அலுமாரியைத் திறந்து, உருண்டையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு இருந்தேன். கிண்ணம் வெறுமையாக இருந்தது.